முட்டைக்குப் பின்னாடி இருக்கற டப்பா

என் பட்டாணிக்கு,

அம்மா எழுதறேன். நாங்க எல்லாரும் சுகம், நீ சுகமான்னு கேட்டு ஆரம்பிக்கறதுதான் முறை, ஆனா பொய் எழுத எனக்குக் கை வரலை. உடம்புக்கு யாருக்கும் ஒண்ணும் இல்லை, அதனால படிச்ச உடனே பதறாதே. அப்பா தோள் எப்பவும் போல மடக்கினா ஒரு சத்தம் நீட்டினா ஒரு சத்தம், என் முட்டி எப்பவும் போல மாடிப்படியைப் பார்த்தா அழுவுது. மனசுதான் நல்லா இல்லை. நீ சுகமா இருக்கியான்னு நான் இந்தத் தடவை சும்மா கேக்கலை, நிஜமாவே கேக்கறேன், நிஜமான பதில் வேணும். போன்ல கேக்க வேண்டியதுதானேன்னு நினைப்பே. போன்ல நான் கத்துவேன், நான் கத்தினா நீ, வார்டன் கூப்பிடறாங்கம்மான்னு சொல்லி வெச்சுடுவே, உங்க வார்டன் மாதிரி சரியா நேரம் பார்த்துக் கூப்பிடற மனுஷியை நான் பார்த்ததே இல்லை. பேப்பரை நீ கட் பண்ண முடியாது. அண்ணன் ஒரு வீட்டுச் சாமானை ஏத்திக்கிட்டு உங்க ஊருக்குத்தான் வர்றான், அவன் கையிலயே குடுத்து விடறேன். நல்லா பசை போட்டு ஒட்டியிருக்கேன், பிரிச்சு ஒட்டின மாதிரி தெரிஞ்சா எனக்குச் சொல்லு, அவனுக்கு ஏற்கெனவே இருக்கறதோட இதையும் சேர்த்துக் குடுத்துடறேன்.

விஷயம் எப்படித் தெரிஞ்சுதுன்னு முதல்ல சொல்லிடறேன், இல்லைன்னா அண்ணன் காட்டிக் குடுத்துட்டான்னு அவன் மேல பாய்வே. அவன் வாயே திறக்கலை. போன திங்கக்கிழமை லாரிக்கு வேலை இல்லை, நான் மட்டும் ஒரு வீட்டுக்குப் பாத்திரமும் கண்ணாடியும் பேப்பர்ல சுத்திக் குடுக்கப் போயிட்டேன், அப்பா வீட்ல தனியா. பசிச்சுதுன்னு முட்டை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்திருக்காரு. முட்டைத் தட்டுக்குப் பின்னாடி ஒரு பழைய பிஸ்கட் டப்பா. பிஸ்கட் எதுக்கு ஃப்ரிட்ஜ்லன்னு திறந்து பார்த்தா பஞ்சுக்குள்ள சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில், கூடவே ஊசி. உடனே அண்ணனுக்குப் போன் பண்ணி இது என்னடான்னு கேட்டிருக்காரு. அவன் லாரியைப் பழுது பார்க்க ஓட்டிக்கிட்டுப் போயிட்டு இருந்தவன், திடுக்குன்னு ஆகி, தோள் வலிக்கு மருந்துப்பான்னு உளறிட்டு வெச்சுட்டான். அவ்வளவுதான், அப்பாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மகன் தனக்குத்தான் வாங்கி வெச்சிருக்கான், சொன்னா வேண்டாம்னு சொல்லுவேன்னு ஒளிச்சு வெச்சிருக்கான்னு முடிவே கட்டிட்டாரு. மாடிப்படியில பார்த்த எல்லார்கிட்டயும், என் பையன் வாய் திறந்து பாசத்தைக் காட்ட மாட்டான், செஞ்சுதான் காட்டுவான்னு சொல்லிக்கிட்டே இறங்கியிருக்காரு. ஃப்ரிட்ஜ்ல இருந்த பொருளாச்சே, சூடு பட்டா கெட்டுடும்னு ஒரு டம்ளர் நிறைய ஐஸ் போட்டு அதுக்குள்ள பாட்டிலை நட்டு, கைக்குட்டையால மூடி, கீழ் வீட்டு நர்ஸம்மாகிட்ட எடுத்துட்டுப் போய், இந்தாங்க, இதைக் கொஞ்சம் என் தோள்ல போட்டு விடுங்கன்னு சட்டையைக் கழட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு.

நர்ஸம்மா முதல்ல சிரிச்சிருக்காங்க. எண்ணெய் மருந்தை ஐஸ்ல வெச்சு உறைய வெச்சுட்டீங்களே, இது என்ன வெண்ணெயான்னு கேட்டிருக்காங்க. அப்புறம் பாட்டில் மேல ஒட்டியிருந்ததைக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்சிருக்காங்க. படிச்சுட்டு சிரிப்பை நிறுத்திட்டாங்க. இது எங்க ஆஸ்பத்திரியில தோள் வலிக்குப் போடற ஊசி இல்லை, அதுவும் ஸ்டெராய்டுதான், ஆனா அது வீக்கத்தைக் குறைக்கறது, டாக்டர் பார்த்து அளவா போடறது. இது தசையை ஊத வைக்கறது, ஜிம்ல திருட்டுத்தனமா விக்கறது, இதுக்கும் உங்க வயசுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டிருக்காங்க. அப்பா சட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு மேல ஏறி வந்து நாற்காலியில உட்கார்ந்தவர்தான். நான் சாயங்காலம் வந்து பார்க்கறேன், ஐஸ் உருகி மேஜையெல்லாம் தண்ணி, நடுவுல அந்தப் பாட்டில், அவர் அதையே பார்த்துக்கிட்டு இருக்காரு. என்னங்க ஆச்சுன்னு கேட்டா, இது எனக்கு வாங்கினது இல்லை, பட்டாணிக்கு வாங்கினதுன்னு மட்டும் சொன்னாரு.

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் நான் அவனை விடலை. லாரிச் சாவியை வாங்கி என் இடுப்புல சொருகிக்கிட்டு, உண்மையைச் சொன்னாத்தான் சாவின்னுட்டேன். எல்லாத்தையும் கக்கிட்டான். நீதான் அவன்கிட்ட கேட்டியாமே. உங்க எடை தூக்கற ஹால்ல கம்பி துடைச்சு வெச்சு, தட்டு மாட்டிக் குடுத்துட்டுத் திரியற அந்த உதவியாளன், எந்தக் கடையில கிடைக்கும், யார்கிட்ட என்ன சொல்லணும்னு உனக்கு எழுதிக் குடுத்தானாம். ஹாஸ்டல் பக்கத்துல வாங்கினா மாட்டிக்குவேன்னு ஊர்ல இருந்து எடுத்துட்டு வரச் சொன்னியாம். டீம் தேர்வுக்குள்ள தோள் சரியாகாது, டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் செஞ்சுக்கிட்டு இருந்தா இந்த வருஷம் போச்சு, இந்த வருஷம் போனா ஹாஸ்டல்ல இடமும் போச்சுன்னு அழுதியாம். அண்ணனுக்கு நீ அழுதா தாங்காது, உனக்கும் அது நல்லாத் தெரியும், தெரிஞ்சுதான் என்கிட்ட அழாம அவன்கிட்ட அழுதிருக்கே. கெட்டிக்காரிடி நீ. என்கிட்ட அழுதிருந்தா என்ன ஆகியிருக்கும்னு உனக்குத் தெரியும், முதல் பஸ் பிடிச்சு வந்து அந்த உதவியாளன் காதைத் திருகியிருப்பேன்.

இன்னொண்ணும் சொன்னியாமே, அதைச் சொல்றப்போ அண்ணன் என் மூஞ்சியைப் பார்க்கலை. லாரி பின்னாடி அப்பா பெயின்டரை விட்டு என் படத்தை வரைய வெச்சிருக்காரு, நான் எந்த மூஞ்சியோட திரும்பி வர்றதுன்னு கேட்டியாம். எனக்கு அந்த நிமிஷம் அந்தப் படத்தைச் சுரண்டிப் போடணும்னு ஆத்திரம் வந்துச்சு. அந்த பெயின்டர் வரைஞ்ச லட்சணத்துக்கு அது நீயா, உன் சித்தப்பாவான்னே தெரியாது, மீசை ஒண்ணுதான் குறைச்சல்னு நானே எத்தனை தடவை சிரிச்சிருக்கேன். இனிமே அப்படிச் சிரிக்க மாட்டேன். ஏன்னா மறுநாள் நர்ஸம்மாகிட்ட நானே போய் உட்கார்ந்து, இதைப் பொம்பளைப் பிள்ளை போட்டுக்கிட்டா என்ன ஆகும்னு கேட்டேன். அவங்க ஒளிக்கலை. தாடையில முடி வரும், குரல் தடிச்சுப் போகும், மருந்தை நிறுத்தினாலும் அந்தக் குரல் பழையபடி திரும்பாமலே போகலாம், மாசா மாசம் வர்றது நின்னுடும், கல்லீரலும் இதயமும் அடி வாங்கலாம், கள்ளக் கடைப் பாட்டிலுக்குள்ள எழுதியிருக்கறதுதான் இருக்கான்னு கூட யாருக்கும் தெரியாதுன்னாங்க. நான் டாக்டர் இல்லைங்க, உங்க பொண்ணு அவ டாக்டரைக் கேக்கட்டும், ஆனா என் பொண்ணா இருந்தா நான் விட மாட்டேன்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க, அதுதான் எனக்கு நல்லாப் புரிஞ்சுது. தசை சீக்கிரம் பெருத்துடுமாம், ஆனா தசையை எலும்போட கட்டி வெச்சிருக்கே, உனக்குக் கிழிஞ்சிருக்கே, அந்த நார் அந்த வேகத்துக்கு ஈடு குடுக்காதாம். புது பலம் வந்துடுச்சுன்னு நீ தலைக்கு மேல தூக்குவே, மிச்சம் இருக்கற நாரும் போயிடும். கயிறு நைஞ்சு போயிருக்கறப்போ லோடை ஏத்தினா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா. இதுல சிறுநீர் எடுத்துச் சோதிச்சா மாட்டிக்குவே, மாட்டினா வருஷக்கணக்கா மேடையே ஏற விட மாட்டாங்களாமே. ஒரு வருஷம் போயிடும்னு பயந்து எல்லா வருஷத்தையும் பணயம் வெக்கப் பார்க்கறியேடி.

திட்டிட்டேன். இப்ப ஒரு உண்மையையும் சொல்லிடறேன், இல்லைன்னா நான் ரொம்ப நல்லவ மாதிரி இருக்கும். நர்ஸம்மா வீட்ல இருந்து மேல ஏறி வர்றப்போ, ஒரே ஒரு தடவை போட்டா என்ன ஆகிடும், ஊர்ல யாருமே போடலையான்னு எனக்கே ஒரு நினைப்பு வந்துச்சு. நீ மேடையில நிக்கறதை, தூக்கி நிறுத்திட்டு கம்பியைக் கீழ போட்டுட்டுச் சிரிப்பியே, அந்தச் சிரிப்பை நான் நினைச்சேன். நடுப்படியில நின்னு கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டேன். பெத்தவளுக்கே அப்படித் தோணுச்சுன்னா, தினமும் அந்த ஹால்ல உட்கார்ந்து மத்தவங்க தூக்கறதை வேடிக்கை பார்க்கற உனக்கு எப்படி இருக்கும். அதனாலதான் உன் மேல எனக்குக் கோபம் முழுசா நிக்க மாட்டேங்குது. வருது, போகுது. இதை எழுதறப்போ போயிருக்கு, அடுத்த பக்கத்துல வந்தாலும் வரும்.

அப்பாவுக்கு ஊசி போட்டது உனக்குத் தெரியும், ஆனா முழுக் கதை உனக்குத் தெரியாது, நீ அப்ப ஹாஸ்டல் போயிட்டே. அவருக்கு ஆஸ்பத்திரியில முறையா டாக்டரே போட்ட ஊசிதான் அது, நல்ல ஊசிதான். போட்ட மறுநாளே வலி மாயமா போயிடுச்சு. டாக்டர் தோளைக் கொஞ்ச நாள் சும்மா விடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாரு. வலிதான் இல்லையே, அப்புறம் எதுக்குச் சும்மா இருக்கணும்னு இவர் ஒரு பெரிய வாஷிங் மெஷினைத் தனியா முதுகுல ஏத்திக்கிட்டு இறங்கினாரு. பாதி வழியில உள்ள ஏதோ சேலை கிழியற மாதிரி கிழிஞ்சுதாம், வலியே இல்லாததால இவர் அதோட இன்னொரு மாடியும் இறங்கியிருக்காரு. இப்ப டீ டம்ளரைக் கூட இடது கையில பிடிக்கறாரு, சட்டை போட என்னைக் கூப்பிடறாரு. உன்கிட்ட வயசாச்சு அதான்னு சொல்லி வெச்சிருந்தோம். வயசு இல்லை, அவசரம். உன் தோளைப் பத்திப் பேச்சு வந்ததும் அவரே, அவகிட்ட இதைச் சொல்லிடுன்னாரு. தனக்கு எழுத வராது, எழுதினா நாலு வார்த்தைல முடிஞ்சுடும்னு என்கிட்ட விட்டுட்டாரு.

சரி, டப்பாவுக்கு வர்றேன், அது எங்க இருக்குன்னு நீ நினைச்சுக்கிட்டே படிக்கறே, எனக்குத் தெரியும். அண்ணன்கிட்ட இல்லை. அவன் பையைத் துழாவாதே, அவன் வெறுங்கையோடதான் வர்றான். நான் அதை எடுத்துட்டுப் போய் குளியலறைத் தரையில போட்டு உடைக்கத்தான் கிளம்பினேன், செருப்புக் கூட மாட்டிட்டேன், கண்ணாடி குத்தும்னு. அப்பா வழியை மறிச்சுக்கிட்டு நின்னாரு. இவ்வளவு வருஷத்துல என் வழியை அவர் மறிச்சதே இல்லை, என்னை மறிச்சா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும். நீ உடைச்சா அவ வேற ஒண்ணு வாங்குவா, அண்ணன் மாட்டேன்னா அந்த உதவியாளனே குடுப்பான், அப்ப நமக்குத் தெரியவும் தெரியாதுன்னாரு. பாரம் அவ கையில இருக்கு, இறக்கறதையும் அவதான் சொல்லணும்னாரு. எனக்கு வந்த கோபத்துக்கு, இது பொண்ணு உடம்புங்க, பீரோ இல்லைன்னு கத்தினேன். அவர் கத்தலை. பீரோவுக்கே அந்த மரியாதை குடுக்கறோமேன்னு மட்டும் சொன்னாரு.

நான் செருப்பைக் கழட்டி ஓரமா விட்டுட்டேன். நம்ம லாரியில இருக்கற ஒரே சட்டம் அதுதானே. படியில சாமான் இறங்கறப்போ கீழ் முனையைப் பிடிச்சிருக்கறவங்க இறக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா, மேல இருக்கறவங்க அந்த இடத்துலயே இறக்கணும். எதுக்குன்னு கேக்கக் கூடாது, பாதிப் படிதானே கொஞ்சம் பொறுன்னு சொல்லக் கூடாது, அப்புறமும் அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணக் கூடாது. பாரம் முழுக்க கீழ இருக்கறவங்க மேலதான் சாயும், அவங்க கால் எங்க நிக்குதுன்னு மேல இருக்கறவங்களுக்குத் தெரியாது, அதனால. நீ பள்ளிக்கூடம் முடிச்ச வருஷம் அந்த வக்கீல் வீட்டு பீரோவை அப்பாவும் நீயும் இறக்கினீங்களே, நான் கீழ நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். நீதான் கீழ் முனை. வக்கீல் நேரமாச்சு நேரமாச்சுன்னு குதிச்சுக்கிட்டு இருந்தாரு, நீ பாதியில இறக்குன்னே. அப்பா மறு பேச்சு இல்லாம படி முனையில சாய்ச்சு முட்டியைக் குடுத்து நிறுத்தினாரு. வக்கீல், சின்னப் பொண்ணை வேலைக்குக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான்னு கத்தினாரு. உன் செருப்பு வார் அறுந்திருந்துச்சு, நீ உதறிட்டு வெறுங்காலை அழுத்தி வெச்சுட்டு, தூக்குன்னே, தூக்கினாரு. அன்னைக்கு ராத்திரி வரைக்கும் அவர் உன்னை எதுக்கு நிறுத்தினேன்னு கேக்கவே இல்லை. அந்தச் செருப்பை நான்தான் பொறுக்கிட்டு வந்தேன்.

அதனால டப்பா முட்டைக்குப் பின்னாடியே இருக்கு. உன் வார்த்தை வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு அப்பா உத்தரவு. ஒவ்வொரு தடவை முட்டை எடுக்கறப்பவும் அது என்னைப் பார்க்குது, நானும் அதை முறைச்சுட்டு மூடறேன். இப்ப முட்டை வாங்கறதையே நிறுத்திட்டேன். நான் நல்லவளா இருக்கறதுக்கும் ஒரு அளவு இருக்கு, சொல்லிட்டேன். நான் இன்னொரு கேள்வியும் கேட்டேன் அப்பாகிட்ட, அவ வேணும்னே சொல்லிட்டா என்ன பண்ணுவீங்கன்னு. அப்படின்னா நானே எடுத்துட்டுப் போய் அவ முன்னாடி வெப்பேன், வெச்சுட்டு எழுந்து வராம அங்கேயே உட்கார்ந்திருப்பேன், என்னைப் பார்த்துக்கிட்டே போட்டுக்கட்டும்னாரு. நான் இதை உன்னைப் பயமுறுத்த எழுதலை. சரி, பயமுறுத்தத்தான் எழுதறேன். வேற என்ன இருக்கு என்கிட்ட.

திரும்பி வந்தா என்ன பண்றதுன்னு நினைக்காதே. வீடு மாத்தறவங்க இருக்கற வரைக்கும் நம்ம லாரி ஓடும், தோள் தேர்ற வரைக்கும் நீ என்கூட உட்கார்ந்து கண்ணாடிச் சாமான் சுத்தலாம், அதுக்கு ஒரு கையும் ஒரு வாயும் போதும், ரெண்டும் உன்கிட்ட இருக்கு. தேர்வுக்குப் போகலைன்னு பயிற்சியாளர்கிட்ட நீயே நேர்ல சொல்லு, தோள் ஆறலைன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா ஹாஸ்டல்ல இடத்தை வெச்சிருப்பாங்களான்னு தைரியமா கேளு. வெக்கலைன்னா போகட்டும். தோள் நல்லா இருந்தா இன்னொரு ஹால் கிடைக்கும், தோள் போயிட்டா எந்த ஹால்ல போய் என்ன பண்ணுவே. படம் லாரியில அங்கேயே இருக்கும். அழிக்கவும் மாட்டோம், திருத்தவும் மாட்டோம், நீ தூக்கினாலும் அது நீதான், தூக்காட்டியும் அது நீதான், அந்த மூக்கு மட்டும் யாருதுன்னு தெரியலை.

ரப்பர் பட்டையை இழுக்கற பயிற்சியை விடாதே, அது பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்குன்னு சொன்னியே, விளையாட்டாவே செய். வலி இருந்தா ஹால் டாக்டர்கிட்ட நேரா சொல்லு, அவர் என்ன மருந்து குடுத்தாலும் அது என்ன, விளையாடறவங்க போடலாமான்னு வாயைத் திறந்து கேளு. படுக்கறப்போ கைக்கு அடியில தலையணை வெச்சுக்கோ. துணி ஊற வெச்ச வாளியை அந்தக் கையால தூக்காதே, அறைத் தோழியைக் கேளு. தோள் கிழிஞ்ச புதுசுல நான் வந்து தங்கியிருந்தப்போ தினம் உனக்குத் தலை பின்னி விட்டேன், இப்ப யார் பின்னறா. அவகிட்ட நான் கேட்டதாச் சொல்லு. அண்ணனை ரொம்பத் திட்டாதே, நான் திட்டினதே ஒரு வருஷத்துக்குத் தாங்கும், வழியில சாப்பிட்டானான்னு மட்டும் பார்த்துக்கோ. அவன் லாரியைத் திருப்பறதுக்குள்ள பதில் எழுதணும்னு இல்லை, போன் பண்ணினா போதும்.

நல்லா இருடி தங்கம். எங்க ரெண்டு பேரோட ஆயுசுல நல்ல பாகம் எதுவோ அது உனக்கு வந்து சேரட்டும். மறக்காம போன் பண்ணு, பண்ணினா கதை எதுவும் சொல்ல வேண்டாம், ஏன் எதுக்குன்னு நாங்க கேக்க மாட்டோம், வக்கீல் மாதிரி யார் கத்தினாலும் நாங்க பார்த்துக்கறோம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லு. போன் அடிச்சா போதும் அப்பா எழுந்து நிக்கறாரு, ரெண்டு கையையும் முன்னாடி நீட்டிக்கிட்டு, உன் குரல் வர்ற வரைக்கும் அப்படியே. மேல் முனையை நாங்க பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறோம் கண்ணு. சீக்கிரம் சொல்லு, எங்களுக்கும் கை வலிக்குது.

இப்படிக்கு,
உன் குரலுக்காகக் காத்துக்கிட்டு இருக்கற
அம்மா